கல்லு தெரியுதா மேடம்?

சிறுநீரகக் கல்லைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. அதைச் சுமந்துகொண்டு துடித்தபடி வருகிற ஆளைப் பத்து வினாடி மூச்சடக்கி அசையாமல் படுக்க வைப்பதுதான் எங்கள் தொழில்.

காஞ்சிபுரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரில் பத்தொன்பது வருஷமாக நான் ரேடியோகிராபர். எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் என் பொறுப்பு. வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்கிற அல்ட்ராசவுண்டை எங்கள் டாக்டர் பார்ப்பார். ரிப்போர்ட்டில் கையெழுத்தும் அவருடையது. வாசல் மேஜையில் இருக்கும் நஸ்ரீன் பெயர் எழுதுவாள், தண்ணீர் குடிக்கச் சொல்வாள், எல்லோரிடமும் திட்டு வாங்குவாள். வெயில் ஏற ஏற எங்களுக்குக் கூட்டமும் ஏறும். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியொரு வராந்தாவில் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். மீதிப் பேர் இனிமேல் வருவீர்கள். ஆகவே நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம்.

பாதி மட்டும்

சிறுநீர்க்குழாயின் அடிப்பகுதி அல்ட்ராசவுண்டில் தெரிய வேண்டுமென்றால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒரு கருட சேவை நாளில், பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலையிலிருந்த ஒருவர் வந்தார். இரண்டு நாளாக வலது பக்கம் வலி. நஸ்ரீன் சொன்னபடி ஒரு லிட்டர் குடித்துவிட்டு, முட்டுகிறது என்று எழுந்து வந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் டாக்டரின் கார் ஊர்வலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. "இதோ வந்துட்டேன்" என்று நாலு தடவை போன் செய்தார். அவர் சொன்ன 'இதோ' முக்கால் மணி நேரம் நீண்டது. புடவைக்காரர் முதலில் நடந்தார், பிறகு சுவரில் சாய்ந்தார், பிறகு பேச்சை நிறுத்திவிட்டார்.

அவர் நெற்றியில் வியர்வை அரும்பியதும் எனக்கு மனசு கேட்கவில்லை. "கொஞ்சம் போல, பாதி மட்டும் போயிட்டு வாங்க" என்றேன். போனவர் ஐந்து நிமிஷம் கழித்து முகம் தெளிந்து, விட்டால் பாடிவிடுவார் போல வந்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் வந்து கருவியை வைத்தார். பை காலி. இன்னொரு லிட்டர் பாட்டிலை நஸ்ரீன் நீட்டியபோது அவர் அதை வாங்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாதியில நிறுத்தி மடிச்சு வைக்கறதுக்கு இது இன்னா பட்டுப்புடவையாம்மா?"

நாலரை

நகைக்கடையில் தங்கம் உரசி, எடை போட்டு மதிப்புச் சொல்லும் பெரியவர் ஒருவர். எங்கள் ரிப்போர்ட்டில் இடது பக்கச் சிறுநீர்க்குழாயில் ஆறு மில்லிமீட்டர் கல் என்று எழுதியிருந்தோம். பத்து நாள் கழித்து, மாத்திரைக்கும் தண்ணீருக்கும் இரங்கி அது வெளியே வந்துவிட்டது. மனிதர் அதை எடுத்துக் கழுவி, நகை மடிக்கிற ரோஸ் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து மேஜைமேல் பிரித்து வைத்தார். நாங்கள் கைதட்டுவோம் என்று எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ புகார் கொடுக்க வந்திருந்தார். கடையில் கல் அளக்கிற கருவியில் வைத்து மூன்று முறை அளந்தாராம். நாலரைதான் வருகிறதாம். மீதி ஒன்றரை எங்கே?

ஸ்கேனில் அப்படி முன்னே பின்னே இருக்கும் சார் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் வாழ்நாளில் முன்னே பின்னே என்ற பேச்சையே ஒத்துக்கொண்டதில்லை போலிருக்கிறது. தொந்தரவு தீர்ந்தால் போதுமென்று டாக்டர் அவரைப் படுக்க வைத்துக் கருவியை ஓட்டினார். ஓட்டியவர் அப்படியே நிறுத்திவிட்டார். சிறுநீர்ப்பையின் வாயில் பொட்டுப் போல ஒரு துணுக்கு உட்கார்ந்திருந்தது. அந்தத் துணுக்குக்கு வேறு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, டாக்டர் எழுந்து நின்று அவருக்குக் கை கொடுத்தார்: "என் ரிப்போர்ட்டையே உரசிப் பாத்த முதல் ஆள் நீங்கதான் சார்."

தாயத்து

எக்ஸ்ரேவுக்கு முன்னால் உடம்பிலிருக்கிற உலோகத்தையெல்லாம் கழற்றச் சொல்வோம். இடுப்பில் கட்டிய வெள்ளித் தாயத்து படத்தில் பளீரென்று வெள்ளையாக விழும்; கல்லும் வெள்ளையாகத்தான் விழும். மாகறலிலிருந்து வந்த ஏகாம்பரம் என்ற விவசாயிக்குத் தாயத்து சரியாகச் சிறுநீரகத்துக்கு நேரே தொங்கியது. கழற்ற மாட்டேன் என்றார். நான் கெஞ்சினேன், பிறகு குரலை உயர்த்தினேன். அன்றைக்கு அவர் பதினேழாவது ஆள், எனக்குக் காலை டிபன்கூட ஆகவில்லை. "அத அவுத்தா நான் பழையபடி ஆயிடுவேன்மா" என்றார். என்ன பழையபடி என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

கூட வந்திருந்த அவர் மனைவி உள்ளே வந்தார். கணவரின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துத் தாயத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். "நான் கதவாண்டதான் நிக்கிறேன். என் கையில இருக்கறதும் உன் இடுப்புல இருக்கறதும் ஒண்ணுதான். படு" என்றார். ஏகாம்பரம் படுத்தார். படம் எடுத்து முடிக்கிறவரை அவர் கண் கதவை விட்டு நகரவில்லை. நான் கதவைத் திறந்ததும் அந்த அம்மா உள்ளே ஓடிவந்து, அவர் சட்டை போடுவதற்கு முன்னால் கயிற்றைக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டார். கல் இருக்கிறது, ஆபரேஷன் வரை போகலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. என்னைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னார்: "கல்லு ஒரு ஓரமா இருந்துட்டுப் போவுதும்மா. மூணு வருஷமா குடிக்காம சாயங்காலம் ஆறு மணிக்கு வூட்டுக்கு வந்துக்கினு இருக்காரு, அதுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது."

இடமும் வலமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரிப் பேருந்து ஓட்டும் டிரைவருக்கு எக்ஸ்ரே எடுத்தேன். அவருக்கு முன்னால் வந்தவரைக் குப்புறப் படுக்க வைத்து எடுத்திருந்தேன். குப்புறப் படுத்தால் படத்தில் இடம் வலம் மாறும் என்பதால் கம்ப்யூட்டரில் அதற்கேற்ப ஓர் அமைப்பை மாற்ற வேண்டும். மாற்றினேன். டிரைவர் மல்லாந்து படுத்தபோது அதைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். இடது பக்கக் கல் வலது பக்கமாகப் பதிவாயிற்று. நெருக்கடி நேரம், டாக்டரும் அதைக் கவனிக்கவில்லை. வலது என்றே ரிப்போர்ட் போனது.

இரண்டு நாள் கழித்து அறுவை செய்யும் டாக்டரிடமிருந்து எனக்கு போன். டிரைவரை மேஜையில் ஏற்றுவதற்கு முன்னால் எந்தப் பக்கம் வலி என்று அவர் வழக்கப்படி கேட்டிருக்கிறார். டிரைவர் இடது கையால் இடது விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டியிருக்கிறார். நிறுத்திவிட்டு அங்கேயே ஸ்கேன் வைத்துப் பார்த்ததில் விஷயம் தெரிந்துவிட்டது. அந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், மனப்பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். அன்று சாயங்காலம் எங்கள் டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ரத்து செய்து புதிதாக எழுதினார்.

இடது பக்கக் கல்லை எடுத்து டிரைவர் தேறிய பிறகு, அவர் வீட்டுக்கே போய், தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். அதற்குள் ஒரு பழக்கம் ஆரம்பித்திருந்தேன். யார் வந்தாலும், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், வலிக்கிற இடத்தை அவர்கள் கையாலேயே தொட்டுக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் படம். அதையும் சொன்னேன். அவர் மனைவிக்கு என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. காபி டம்ளரை 'ணங்' என்று வைத்துவிட்டுப் போனார். டிரைவர் அந்த டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "லெஃப்ட்ல இண்டிகேட்டர் போட்டுட்டு ரைட்ல திரும்புன டிரைவருங்கள நெறைய பாத்திருக்கேன்மா, நானும் திரும்பியிருக்கேன். ஆனா என் பின்னாடி அம்பது புள்ளைங்க உக்காந்துக்கினு இருக்கறதால கண்ணாடியப் பாக்காம திரும்பறதில்ல. நீயும் பாத்துட்டுத் திரும்பு."

பன்னிரண்டு நாள்

பிள்ளை பெறுகிற வயதில் எந்தப் பெண் வந்தாலும் சி.டி. எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: நாள் தள்ளிப் போயிருக்கிறதா? வயிற்றில் கரு இருந்தால் அந்தக் கதிர் படக்கூடாது. கல் வலி என்று மாமியாரோடு வந்திருந்த சுகந்தியிடம் கேட்டேன். பதில் மாமியாரிடமிருந்து வந்தது. "அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. ஆறு வருஷமா இல்ல, இப்ப மட்டும் எங்கேருந்து? நீ படத்த எடு." சுகந்தி வலியில் சுருண்டிருந்தாள், வாய் திறக்கவில்லை. அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, மேஜையில் படுக்க வைக்கும்போது மறுபடி கேட்டேன். கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பன்னெண்டு நாள் ஆவுதுக்கா. வூட்ல சொல்லல. போன தடவ சொல்லிட்டேன், பதினஞ்சாம் நாள் வந்துடுச்சு. அத்த ரெண்டு நாள் சாப்பிடல, என் கூடப் பேசவும் இல்ல."

என் விரல் மேஜையை மெஷினுக்குள் நகர்த்துகிற பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. விரலை எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து, மெஷின் ரிப்பேர், அல்ட்ராசவுண்ட்தான் பார்க்க முடியும் என்று மாமியாரிடம் கூசாமல் பொய் சொன்னேன். டாக்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். சிறுநீர்க்குழாயின் மேல் முனையில் கல் தெரிந்தது. கீழே, கர்ப்பப்பைக்குள், பட்டாணி அளவில் ஒரு கருப்பு வட்டமும் தெரிந்தது. சுகந்தி அழவில்லை, இதயத்துடிப்பு தெரிகிற வரைக்கும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அவளுக்குப் பொருந்துகிற மருந்துக்கு டாக்டர் ஏற்பாடு செய்தார். கல் அவளுக்குக் கொடுத்த தொல்லை மாதக்கணக்கில் நீடித்தது என்றும், இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

வாசலில் அன்றைக்கு அந்த மாமியார் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமில்லை. அதே அம்மாள் போன மாதம் தன் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்க வந்தார். இடுப்பில் ஒரு குண்டுப் பெண் குழந்தை, அவர் காது ஜிமிக்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டதும் முகத்தைச் சுளித்துக் கேட்டார்: "இப்பவாவது அந்த மிஷின ரிப்பேர் பண்ணீங்களா, இல்ல அப்டியேதான் வச்சிக்கினு இருக்கீங்களா?"

வலி நின்ற பிறகு

பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்த நெசவாளர் தாமோதரனுக்கு எந்த வலியும் கிடையாது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, வயிற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். நாற்பத்தைந்து வயது. பேச்சுவாக்கில் சொன்னார். முன்பு இடது பக்கம் குத்தும், தறிக்குழியில் மணிக்கணக்காக உட்காருவதால் வருகிற வலிதானே என்று விட்டுவிட்டார். பாதி இழையில் எழுந்து போக முடியாது என்பதால் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்த வலி தானாக நின்றுவிட்டது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார்.

படம் திரையில் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த அளவுக்காவது தெரியும். சொல்கிற வேலை மட்டும் என்னுடையதில்லை. டாக்டர் அவரை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். கல் குழாயை முழுசாக அடைத்து, சிறுநீர் தேங்கித் தேங்கி, இடது சிறுநீரகம் வெறும் தண்ணீர்ப் பையாக ஊதிக் கிடக்கிறது. வேலை செய்வதை அது எப்போதோ நிறுத்திவிட்டது. அதனால்தான் வலியும் நின்றது. வலது பக்கம் நன்றாக இருக்கிறது, அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், தண்ணீர் குடியுங்கள், மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள். தாமோதரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலைமுடி மறுபடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. அதைக் கையால் தடவிக்கொண்டே கேட்டார்: "அப்ப நான் போட்டது வேண்டுதல் மொட்ட இல்லியா டாக்டர், கருமாதி மொட்டையா?"

ஒன்றும் இல்லை

மற்ற எல்லா ரிப்போர்ட்டையும்விட நான் சந்தோஷமாகக் கொடுப்பது 'நார்மல்' என்கிற ரிப்போர்ட்டைத்தான். தென்னேரியிலிருந்து செல்வி தனியாக வந்திருந்தாள். சாயப்பட்டறையில் வேலை. ஈரப் பட்டு நூல் கத்தைகளைக் கொதிக்கிற அண்டாவிலிருந்து கழியில் தூக்கிப் பிழிந்து உலர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் முதுகு வலி, நாலு மாதமாக. அல்ட்ராசவுண்ட் பார்த்தோம், சி.டி.யும் பார்த்தோம். கல் இல்லை, வீக்கம் இல்லை, எதுவுமே இல்லை. "நல்ல சேதிமா" என்று கவரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லாப் பாத்தீங்களாக்கா? சின்னதா கூட இல்லியா?"

அவள் நாத்தனாருக்குப் போன வருஷம் கல் இருந்ததாம். படத்தை வீட்டில் எல்லோரும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்களாம். மாமியார் வாழைத்தண்டு ஜூஸ் போட்டுக் கொடுத்தாராம், ஒரு மாதம் குடத்தைத் தொட விடவில்லையாம். இவள் வலிக்கிறது என்று சொன்னால், நடிக்கிறாள் என்கிறார்கள். நான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் அவளை மறுபடி கூப்பிட்டு முதுகை அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் தொட்டதும் கத்திவிட்டாள். தசைகள் கயிறாக இறுகியிருந்தன. மூன்று வாரம் கனம் தூக்கக்கூடாது, பயிற்சி செய்ய வேண்டும் என்று தமிழிலேயே பெரிதாக எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அதற்குமேல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

செல்வி அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். மடித்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, நஸ்ரீன் காதில் விழாதபடி என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சதப் புடிப்புன்னா எங்க வூட்ல யாரும் நம்ப மாட்டாங்கக்கா. கடுகு அத்தினி கல்லு ஒண்ணு, ஒரே ஒரு பக்கத்துல, எழுதிக் குடேன்."

இப்படிப் பத்தொன்பது வருஷம் ஓட்டிய பிறகும் என் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் என்னைக் காட்டி, "இவ ஸ்கேன் சென்டர்ல பட்டன் அமுக்கற வேல பாக்கறா, உக்காந்த எடத்துல சம்பளம்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள், எனக்கும் மறுத்துச் சொல்லத் தெம்பில்லாமல் பந்தியில் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.